பேட்ச் வெளுத்தால் பேரல் சுத்தமா? 6.5 க்ரீட்மூர் ரைஃபிளில் ஒரு முழுச் சுத்தம்

மேசையில் இருப்பது 6.5 க்ரீட்மூர் என்ற தோட்டாவுக்கான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். 26 அங்குல ஸ்டெயின்லெஸ் பேரல், உட்சுவரில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் புரி (சுருள் பள்ளம்). சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) வரை இறங்கிச் சுத்தம் செய்து 340 ரவுண்டு ஆகிறது. நடுவில் இரண்டு முறை பேட்ச் (துடைக்கும் துணித்துண்டு) மட்டும் தள்ளியிருக்கிறது. புகார் இதுதான்: அதே வெடிமருந்து, அதே எடை, அதே வெயில், ஆனால் குரோனோகிராஃபில் (வேகமானியில்) குண்டின் வேகம் வினாடிக்கு 12 மீட்டர் ஏறியிருக்கிறது. சுட்ட பிறகு போல்ட் கைப்பிடியைத் தூக்கினால் பசை போட்ட மாதிரி ஒட்டுகிறது. பிரைமரின் (தோட்டாவின் அடியிலுள்ள பற்றவைப்பானின்) உருண்ட விளிம்பு தட்டையாகிவிட்டது.

வேகம் ஏறினால் சந்தோஷப்படக் கூடாது. மருந்தைக் கூட்டாமல் வேகம் கூடுகிறதென்றால் உள்ளே அழுத்தம் கூடுகிறது என்று பொருள். இந்தத் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அதற்கு மேல் விளையாட இடமில்லை.

முதலில் ஒரு சோதனை. சால்வன்டில் (கரைப்பானில்) நனைத்த பேட்ச் இரண்டு, காய்ந்தது மூன்று. முதலாவது தார் போலக் கறுத்து வந்தது. ஐந்தாவது கிட்டத்தட்ட வெள்ளை. பலர் இதோடு எண்ணெய் போட்டு மூடிவிடுவார்கள். போர்ஸ்கோப்பை (பேரலுக்குள் பார்க்கும் கேமராவை) உள்ளே விட்டுப் பார்த்தால் கதை வேறு. சேம்பரின் கழுத்து முடியும் இடத்தில், வட்டம் முழுக்க, அடிப்பிடித்த கடாயின் ஓரம் போலக் கன்னங்கரேலென்று ஒரு வளையம். அதற்கு முன்னால் புரி தொடங்கும் இடம் வரை சாம்பல் நிறத்தில் வார்னிஷ் பூசியது போல ஒரு பூச்சு. ஐந்து பேட்ச் அந்த வழியாகத்தான் போயின. ஒன்றுகூட அதைத் தொடவில்லை.

ஏன் தொடவில்லை?

அளவுகளைப் பார்த்தால் புரியும். குண்டின் விட்டம் 6.71 மி.மீ. பேரலின் பள்ளத்து விட்டமும் அதுவே. ஜேக் (பேட்சைத் தாங்கும் கம்பி நுனி), பேட்ச், பிரஷ் எல்லாம் இந்த அளவுக்குத்தான் வாங்குகிறோம். ஆனால் சேம்பரின் கழுத்துப் பகுதி சுமார் 7.5 மி.மீ. பேரலில் இறுக்கமாகப் போகும் பேட்ச் கழுத்தில் காற்றில்தான் போகிறது. போதாததற்கு போர் கைடு (சுத்தக் கம்பியான ராடை நேராகக் கொண்டுபோகும் குழாய்) வேறு. கரைசல் ஆக்‌ஷனுக்குள் (போல்ட் இயங்கும் பகுதிக்குள்) வழியாமல் இருக்க அதன் மூக்கில் ஓ-ரிங் போட்டு சேம்பரை அடைத்துவிடுகிறோம். கரி உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மேலேயே ஒரு மூடி போட்ட கதை. பேரலைக் காப்பாற்றும் சாமான்தான் வளையத்தையும் காப்பாற்றுகிறது. இரண்டையும் கைடு போட்டபடியே ஒரே மூச்சில் செய்ய முடியாது. பேரல் ஒரு வேலை, கழுத்து தனி வேலை என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

வளையம் உருவாகும் காரணமும் அளவில்தான் இருக்கிறது. கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூட்டின்) உச்ச நீளம் 48.77 மி.மீ.; மறுபடி நிரப்புகிறவர்கள் வழக்கமாக 48.51-க்கு வெட்டுவார்கள். சேம்பர் அதைவிடக் கொஞ்சம் நீளம். கேஸின் வாய்க்கும் கழுத்தின் எல்லைக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஓர் இடைவெளி மிஞ்சுகிறது. ஒவ்வொரு சூட்டிலும் எரிந்த மருந்தின் வாயு அதில் புகுந்து கரியைப் பூசும். அடுத்த சூடு அதைச் சுட்டு இறுக்கும். அளவுக்கு மேல் குட்டையாக வெட்டினால் இடைவெளி பெரிதாகும், வளையமும் அகலமாகும். கேஸ் நீளத்தில் ஒழுங்கில்லாதவர்களின் ரைஃபிளில் வளையம் வேகமாக வளர்வது இதனால்தான்.

அதற்கு முன்னால் புரி இல்லாத சிறு பகுதி, ஃப்ரீபோர், இந்தத் தோட்டாவில் சுமார் 5 மி.மீ. நீளம். அதன் விட்டம் குண்டைவிட மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு மட்டுமே பெரிது. அங்கே முடி கனத்தில் பாதி கரி படிந்தாலும் குண்டு உரசிக்கொண்டுதான் கிளம்பும். வளையம் கேஸின் வாயைக் கவ்வினால் இன்னும் மோசம்: வாய் விரிந்து குண்டை விடுவிக்க இடமில்லாமல் அழுத்தம் சட்டென்று ஏறும்.

தொடங்கும் முன்

மேகஸினைக் கழற்று, போல்ட்டை உருவு, சேம்பரைக் கண்ணாலும் சுண்டு விரலாலும் பார். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும். நைட்ரைல் கையுறை வேண்டும். பிரைமரின் எச்சத்தில் ஈயமும் பேரியமும் ஆன்டிமனியும் இருக்கும். அம்மோனியா உள்ள சால்வன்ட் இருக்கும் மேசைக்குப் பக்கத்தில் பிளீச்சிங் சம்பந்தப்பட்ட எந்தக் கிளீனரும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் வரும் புகை நுரையீரலைச் சுடும்.

ரைஃபிளை வைஸில் இறுக்காமல் தொட்டிலில் கிடத்தி, பேரலின் வாய் பின்பக்கத்தைவிட ஓரிரு அங்குலம் தாழ்ந்திருக்கும்படி வைக்கவும். சால்வன்ட் பின்னால் ஓடினால் நேராக ட்ரிகருக்குப் போகும். அங்கே எண்ணெயும் கரியும் சேர்ந்து கோந்தாகி, ஒரு குளிர்ந்த காலையில் ட்ரிகர் பிடிக்காமல் நழுவும். ரைஃபிளைக் கட்டையில் பதிக்கும் பெட்டிங் எபாக்ஸியும் மரக்கட்டையின் பாலிஷும் அம்மோனியாவுக்கு ஆகாது. கட்டை மேல் ஒரு பழைய துண்டைப் போட்டுவிடுவது நல்லது. மஸில் பிரேக் (பின்னுதைப்பைக் குறைக்க வாயில் மாட்டும் சாமான்) இருந்தால் கழற்றிவிடவும்; இல்லாவிட்டால் அழுக்கெல்லாம் அதற்குள் குளமாகத் தேங்கும்.

ராடும் கைடும்

பேரல் கெடுவதில் கணிசமான பங்கு ராடுக்கு உண்டு. மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் அலுமினிய ராடைத் தூக்கிப் போடலாம். ஒவ்வொரு இணைப்பும் ஒரு விளிம்பு. மென்மையான அலுமினியத்தில் மணல் பதிந்து அரம் ஆகிவிடும். ஒரே துண்டாக, நைலான் பூச்சுள்ள எஃகு ராடு அல்லது கார்பன் ஃபைபர் ராடு போதும். இரண்டில் எது மேல் என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. எதுவானாலும் ஒவ்வொரு முறை வெளியே வந்ததும் துடைக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. நீளத்தில் ஏமாறுபவர்கள் அதிகம்: 26 அங்குலப் பேரல், அதற்குப் பின்னால் ஆக்‌ஷன், அதற்கும் பின்னால் கைடு. 36 அங்குல ராடு பேரலின் வாயை எட்டாது. 40-க்குக் குறையக் கூடாது, 44 வசதி. கைப்பிடியில் பால் பேரிங் இருக்க வேண்டும். பிரஷ் புரியோடு சுழல ராடு சுதந்திரமாகத் திரும்பினால்தான் நார்கள் பள்ளத்தின் மூலைக்குள் இறங்கும்.

என்.சி.சி.யில் ரைஃபிள் பிடித்தவர்களுக்கு புல்த்ரூ கயிறும், அதில் மாட்டும் 4-க்கு 2 அங்குல சிந்தித் துணியும் ஞாபகம் இருக்கும். களத்தில் அதற்கு ஈடில்லை. ஆனால் கயிற்றைச் சாய்த்து இழுத்து இழுத்து பேரலின் வாய் ஒரு பக்கமாகத் தேய்ந்த .303-கள் எத்தனையோ. துல்லியத்துக்கான ரைஃபிளில் கயிறு வேண்டாம்.

கைடு ஆக்‌ஷனுக்குப் பொருந்தியதாக இருக்கட்டும். 'எல்லாவற்றுக்கும் சேரும்' வகை ஆடும். ராடு வளைந்து புரியின் தொடக்கத்தில் கீழ்ப்பக்கமாக உரசும். அந்த முதல் ஓர் அங்குலத்தில்தான் குண்டு நேராக நுழைகிறதா என்பது தீர்மானமாகிறது.

ஜேக் பித்தளையில் வேண்டாம். நிக்கல் பூச்சோ நைலானோ வாங்கவும். காரணம் செம்பு பற்றிச் சொல்லும்போது வரும். துணிக்கு ஃபிளானல் சிறப்பு. பழைய பருத்தி வேட்டியைப் பல தடவை துவைத்து 38 மி.மீ. சதுரமாக வெட்டினாலும் குறையில்லை. டெரிகாட்டன் உறிஞ்சாது, வழுக்கிக்கொண்டு போகும். பேட்ச் சரியான கனத்தில் இருந்தால் உள்ளங்கையால் சீராகத் தள்ளும் பலத்தில் போகும். குத்தித் தள்ள வேண்டியிருந்தால் கனம் அதிகம். நடுவழியில் சிக்கினால் சுத்தியைத் தேடாமல், வந்த வழியே பின்னால் இழுத்து, துணியைச் சிறிதாக்கவும்.

முதல் சுற்று: பேரலின் கரி

பேரலில் கரியும் செம்பும் தோசை மேல் தோசையாக அடுக்கடுக்காகப் படிகின்றன. மேலே கரி இருக்கும்போது செம்பு கரைப்பானை ஊற்றினால் அது கரியை நனைத்துவிட்டு நின்றுவிடும். ஆகவே முதலில் கரி, பிறகு செம்பு, பிறகு மறுபடி கரி.

கரிக்கென்று உள்ள சால்வன்டில், போர் டெக் சி4 போன்றது, இரண்டு பேட்சைச் சொட்டச் சொட்ட நனைத்துத் தள்ளவும். பேட்ச் வாய் வழியே வெளியே விழட்டும். அழுக்கை மறுபடி உள்ளே இழுக்க வேண்டாம். பத்து நிமிடம் விடவும். 1903 முதல் விற்கும் ஹாப்பிஸ் நம்பர் 9-இன் வாசனைக்கு ரசிகர்கள் உண்டு. புதிய மசிக்கு அது போதும். சுட்டு இறுகிய கரியிடம் அதன் பாச்சா பலிக்காது.

பிறகு பாஸ்பர் வெண்கலப் பிரஷ். நுனியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்காமல் மடிந்த வகையாகப் பார்த்து வாங்கவும். சால்வன்டைப் பிரஷ் மேல் சொட்டு விடவும்; பிரஷைப் பாட்டிலுக்குள் முக்கினால் பாட்டில் முழுக்கக் கெடும். போய் வருவது ஒரு கணக்கு, அப்படிப் பன்னிரண்டு. பிரஷ் முழுதாக வாய்க்கு வெளியே வந்த பிறகுதான் திரும்ப வேண்டும். நடுவில் திசை மாற்றினால் நார்கள் எதிராக மடிந்து இறுகிக்கொள்ளும். சில நேரம் பிரஷின் கழுத்து முறிந்து அது உள்ளேயே தங்கும். வாய் விளிம்பைத் தாண்டி மறுபடி இழுப்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பென்ச்ரெஸ்ட்காரர்கள் (மேசையில் தாங்கிச் சுடும் போட்டியாளர்கள்) பலர் நேராகத்தான் இழுக்கிறார்கள். ராடு விளிம்பில் சாயாதவரை ஒன்றும் ஆகாது. கை நடுங்கினால் வெளியே வந்ததும் பிரஷைக் கழற்றிவிட்டு ராடை மட்டும் இழுக்கலாம். நேரம்தான் பிடிக்கும்.

இரண்டு நனைந்த பேட்ச், மூன்று காய்ந்தது. இந்த ரைஃபிளில் முதல் சுற்றுக்குப் பின் வந்த பேட்ச் இன்னும் சாம்பல் நிறம். இரண்டாம் சுற்றுக்குப் பின் ஓரத்தில் மட்டும் வரிவரியாகக் கறுப்பு. அந்த வரிகள் பள்ளங்களின் அச்சு. அவை மங்கினால் போதும், நகரலாம்.

சுட்டு முடித்த இடத்திலேயே, பேரல் இளஞ்சூடாக இருக்கும்போது, இரண்டு நனைந்த பேட்ச் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தால் இந்த வேலை பாதியாகும். கை வைக்க முடியாத சூட்டில் செய்யக் கூடாது, சால்வன்ட் ஆவியாகிவிடும்.

இரண்டாவது: கழுத்தின் வளையம்

போர் கைடை எடுத்துவிடவும். இனி கரைசல் பின்னால் வர வழி இருக்கிறது. ஆகவே சொட்டு சொட்டாகத்தான் புழங்க வேண்டும். ட்ரிகரின் வாய்க்கு மேல் மடித்த துணி ஒன்று.

முதலில் ஊறல். தேய்ந்த 6.5 நைலான் பிரஷ் மேல் ஒரு பேட்சைச் சுற்றி, கழுத்தை நிரப்பும் அளவுக்குத் தடிமனாக்கி, கரி சால்வன்டில் நனைத்து, லேசாகப் பிழிந்து, கழுத்தில் கொண்டு போய் நிறுத்தவும். சேம்பரின் உடல் பகுதியில் தளர்வாகப் போய், கழுத்தில் நுழைந்ததும் பிடிப்பு கைக்குத் தெரியும். கழுத்தின் நீளமே சுமார் 7 மி.மீ. தான். அங்கே 20 நிமிடம் இருக்கட்டும். இந்த இருபது நிமிடத்தைக் கொடுக்காமல் தேய்க்கத் தொடங்கினால் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும்.

அடுத்து .30 காலிபர் வெண்கலப் பிரஷ். ஆமாம், 6.5 ரைஃபிளுக்கு .30 பிரஷ்தான். அது 7.5 மி.மீ. கழுத்தில் இறுக்கமாக உட்காரும். ஃப்ரீபோரின் படியில் போய் முட்டி நிற்கும். முட்டிய இடத்தில் நிறுத்திவிட வேண்டும், பேரலுக்குள் திணிக்கக் கூடாது. இதற்கு ஒரு குட்டை ராடு, ஆக்‌ஷனின் பின்பக்கத்திலிருந்து சேம்பரை எட்டும் நீளம். இங்கே கைப்பிடியில் பேரிங் இருக்கக் கூடாது: பிரஷைச் சுழற்றுவதுதான் வேலை, பேரிங் இருந்தால் கைப்பிடி மட்டும் சுற்றும். முட்டிய நிலையில், ஆக்‌ஷனின் பின் விளிம்புக்கு நேராக ராடில் ஒரு டேப் ஒட்டிவிடவும். ஆழம் அதன் பிறகு கண்ணுக்குத் தெரியும்.

கடிகார முள் திசையில் மட்டும் சுற்றவும். எதிராகச் சுற்றினால் பிரஷ் மரையிலிருந்து கழன்று கழுத்திலேயே தங்கிவிடும், அதை எடுப்பது தனிக் கூத்து. இருபது சுற்று, சால்வன்ட் இரண்டு சொட்டு, மறுபடி இருபது. துணியால் துடைத்து போர்ஸ்கோப்பில் பார்க்கவும். இந்த ரைஃபிளில் முதல் நாற்பது சுற்றில் வளையத்தின் மேல்தோல் மட்டும் போனது: பளபளத்த கறுப்பு மங்கிய கறுப்பானது, அவ்வளவுதான். மறுபடி 20 நிமிடம் ஊறல். இரண்டாம் தடவை ஓரிரு இடங்களில் பிளவு விழுந்து வெள்ளி உலோகம் தெரிந்தது. மூன்றாம் ஊறலுக்குப் பிறகு பிரஷில் மிளகுத்தூள் போலச் செதில் செதிலாக வந்தது. வளையம் கரைவதைவிட இப்படி உரிவதுதான் வழக்கம். ஓர் இடத்தில் விட்டுப்போனால் மற்றது சீக்கிரம் பெயரும்.

ட்ரில் மெஷினில் பிரஷை மாட்டி ஓட்டும் வழி ஒன்று பரவியிருக்கிறது. வேகமாக முடியும் என்பது உண்மை. கை ஒரு பக்கம் சாய்ந்தால் கழுத்து நீள்வட்டமாகும் என்பதும் உண்மை. எஃகு ஊசியால் சுரண்டுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

ஃப்ரீபோரில் மிஞ்சிய சாம்பல் பூச்சு வெறும் சால்வன்டுக்கு மசியாது. ஜே-பி போர் பேஸ்ட் அல்லது ஐயோஸோ போன்ற மெல்லிய அராவும் பசை தேவைப்படும். இதற்கு மட்டும் கைடை மறுபடி போட்டு, நீள ராடைப் பிடிக்க வேண்டும். தேய்ந்த 6.5 பிரஷ் மேல் பேட்ச் சுற்றி, பட்டாணி அளவு பசை, ஃப்ரீபோர் தொடங்கும் இடத்திலிருந்து 8 செ.மீ. வரை மட்டும் குட்டை குட்டையாக முன்னும் பின்னும் பதினைந்து தடவை. நார்ப் பிரஷைத் திருப்பக் கூடாது என்ற விதி துணி சுற்றிய பிரஷுக்குப் பொருந்தாது. முழுப் பேரலிலும் பசையை ஓட்டிக்கொண்டே இருந்தால், குறிப்பாக வாய்ப்பக்கம் வெளியே போய் வந்தால், பேரல் செய்தவர் ஈயம் வார்த்து இழைத்த மெருகைக் கெடுப்பீர்கள். பசை ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது. நான்கைந்து நனைந்த பேட்ச் போட்டு முழுதாக வெளியேற்றவும்.

போர்ஸ்கோப் இல்லாதவர்களுக்கு ஓர் அடையாளம்: இறுக்கமான பேட்சை மெதுவாகத் தள்ளும்போது முதல் சில சென்டிமீட்டரில் சொரசொரப்பாகப் பிடித்து, பிறகு சட்டென்று வழுக்கினால் அங்கே கரி உண்டு என்று கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் சுட்ட பேரலில் புரி தொடங்கும் தொண்டையின் அரிப்பும் இப்படித்தான் தெரியும், அதனால் இதை முழுதாக நம்ப முடியாது. யூ.எஸ்.பி.யில் ஓடும் போர்ஸ்கோப் இப்போது எட்டும் விலைக்கு வந்துவிட்டது. ஒரு நல்ல ராடு வாங்கிய பிறகு அடுத்த காசு அதற்குத்தான்.

மூன்றாவது: செம்பு, நீலம் சொல்லும் பொய்

குண்டின் மேலுறை பெரும்பாலும் செம்பும் கொஞ்சம் துத்தநாகமும் கலந்த உலோகம். அது புரியின் மேடுகளில் இழுவி ஒட்டிக்கொள்ளும். வாய்ப்பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் மேடுகளில் ரோஸ் நிறக் கோடாகத் தெரியும். அம்மோனியா, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இந்தச் செம்பைக் கரைக்கும், கரைசல் கருநீலமாகும். ஆகவே பேட்சில் நீலம் வந்தால் செம்பு வருகிறது.

ஆனால் பித்தளை ஜேக்கும் செம்புதான், வெண்கலப் பிரஷும் செம்புதான். பேரலில் ஒரு துளி செம்பு இல்லாவிட்டாலும் ஜேக் கரைந்து நீலம் காட்டும். நீலம் நிற்கும்வரை விடமாட்டேன் என்று ராத்திரி முழுக்கத் தேய்த்தாலும் நிற்காது. சந்தேகம் இருந்தால் அதே சால்வன்டை ஜேக்கின் மேல் ஒரு பேட்சோடு ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். செம்பு வேலைக்கு நைலான் பிரஷ், நிக்கல் ஜேக்.

ஸ்வீட்ஸ் 7.62 போன்ற கடும் அம்மோனியா வகையை 15 நிமிடத்துக்கு மேல் பேரலில் விடக் கூடாது. காய விடவே கூடாது. போர் டெக் எலிமினேட்டர், வைப்-அவுட் நுரை போன்றவை அம்மோனியா இல்லாதவை, பொறுமையானவை. நுரையை ராத்திரி போட்டு காலையில் எடுக்கலாம். ஆனால் அது பொங்கும் வஸ்து. பேரலின் வாய் தாழ்ந்திருக்கட்டும், கீழே துண்டு இருக்கட்டும். அம்மோனியாவுக்கு மாறும் முன் பழைய சால்வன்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் பேட்சால் துடைத்துவிடுவது முறை.

இந்த ரைஃபிளில் அம்மோனியா இல்லாத வகை, நைலான் பிரஷில் பத்துத் தடவை, பதினைந்து நிமிடம் ஊறல். முதல் பேட்ச் மை கொட்டியது போல. மூன்றாவது ஊறலில் வெளிர் நீலம். அங்கேயே நிறுத்தியாயிற்று. வெளிர் நீலத்தையும் துரத்துவது கைவேலையாளனின் பிடிவாதம். செம்பை முழுக்க உரித்த பேரல், மேடுகளில் மறுபடி மெல்லிய பூச்சு ஏறும்வரை முதல் பத்துப் பதினைந்து ரவுண்டை எங்காவது போடும். குண்டுகள் விழும் குழு விரியாதவரை செம்பை விட்டுவைப்பதில் தப்பில்லை. கரி விஷயத்தில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

செம்பு வேலை முடிந்ததும் கரி சால்வன்டில் மறுபடி ஒரு பேட்ச் தள்ளினால் கறுப்பு வரும். அடியிலிருந்த அடுக்கு. இன்னொரு சிறு சுற்று வெண்கலப் பிரஷ், பிறகு பேரல் முடிந்தது. பிரஷ்களை ஆல்கஹாலில் கழுவிக் காயவைக்கவும்; அம்மோனியா ஒட்டிய வெண்கலப் பிரஷ் நாராக உதிரும்.

சேம்பரும் போல்ட்டும்

சேம்பரின் உடல் பகுதிக்குக் கம்பளி மாப் அல்லது சேம்பர் பிரஷ் மேல் துணி, சில சுற்று. அழுக்கு அங்கே குறைவு. முக்கியமானது காய வைப்பது. சுடும்போது கேஸின் சுவர் விரிந்து சேம்பரைப் பற்றிக்கொள்கிறது. பின்னோக்கிய தள்ளுதலில் ஒரு பகுதியை அந்தப் பிடி தாங்குகிறது. சேம்பரில் எண்ணெய் இருந்தால் பிடி போய்விடும், முழு அடியும் போல்ட்டின் காதுகளில் (பூட்டும் புடைப்புகளில்) விழும். போல்ட் ஒட்டுகிறது என்ற புகாருக்கு எண்ணெய் சேம்பரும் ஒரு காரணம். ஆல்கஹாலில் நனைத்த மாப், பிறகு காய்ந்த மாப், பிறகு விரலில் வெள்ளைத் துணி. துணியில் ஈரப் பளபளப்பு இருக்கக் கூடாது.

போல்ட்டின் காதுகள் பூட்டும் உள்ளறை பேரலுக்கும் ஆக்‌ஷனுக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். பேட்ச் வழியில் அது வராது. பஞ்சு உருளை மாட்டும் டி-கைப்பிடிக் கம்பி ஒன்றால் சுற்றித் துடைத்தால் கரியும் பித்தளைத் தூளும் கலந்த கிரீஸ் சேறு வரும்.

போல்ட்டின் முகத்தை டூத்பிரஷால் துலக்கவும். எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் பித்தளைச் சீவல் இருக்கும், மரக்குச்சியால் எடுக்கவும். கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரை அழுத்திப் பார்த்தால் சுறுசுறுப்பாகத் துள்ள வேண்டும். மந்தமாக வந்தால் இரண்டு சொட்டு சால்வன்ட் விட்டுப் பல தடவை அழுத்தவும். காதுகளின் பின்முகத்தில் அரை அரிசி அளவு கிரீஸ். கைப்பிடி சாய்ந்து ஏறும் கேம் சரிவில் இன்னொரு அரை அரிசி. காய்ந்த காதுகள், அதிலும் ஸ்டெயின்லெஸ் மேல் ஸ்டெயின்லெஸ், ஒன்றையொன்று கிழித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அதிகம் போட்டால் கிரீஸ் முன்பக்கம் வழிந்து சேம்பருக்கே போகும்.

பேரலின் வாய் விளிம்பைப் பஞ்சுக் குச்சியால் மட்டும் துடைக்கவும். அதில் நட்சத்திரம் போல விரியும் கரிக் கதிர்கள் சீராக இருந்தால் விளிம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு கதிர் மட்டும் நீண்டோ சாய்ந்தோ இருந்தால் அந்த இடத்தில் நகம் வைத்துப் பார்க்கவும்: தட்டுப்பட்டால் சிராய்ப்பு.

எடுத்து வைப்பது

நாளைக்கே சுடப் போவதானால் பேரலை உலர்த்தி வைத்தால் போதும். நாள் கணக்கானால் மெல்லிய எண்ணெயில் ஒரு பேட்ச், அதன் பின்னாலேயே ஒரு காய்ந்த பேட்ச். சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊரில் ஸ்டெயின்லெஸ்தானே என்று சும்மா விடக் கூடாது. போட்டிப் பேரல்களுக்குப் பரவலாகப் பயன்படும் 416ஆர் எஃகும் துருப்பிடிக்கும், நேரம் கொஞ்சம் கூட எடுக்கும், அவ்வளவுதான். ஸ்பாஞ்ச் வைத்த பெட்டி பயணத்துக்கு மட்டும். அது ஈரத்தைக் குடித்து வைத்திருந்து ரைஃபிளுக்குத் தரும். சுடும் முன் காய்ந்த பேட்ச் இரண்டு தள்ளிவிட வேண்டும். பேரலில் எண்ணெய் தேங்கியிருக்க முதல் குண்டை விட்டால் அது குறி தவறுவது சின்ன விஷயம். அளவு அதிகமிருந்தால் பேரலே வீங்கலாம்.

.22 வைத்திருப்பவர்களுக்கு

நம்மூர் ரைஃபிள் கிளப்புகளில் 50 மீட்டரில் புழங்கும் .22-க்கு மேலே சொன்ன செம்புக் கதை பெரும்பாலும் பொருந்தாது. மெழுகு பூசிய வெறும் ஈயக் குண்டு. அம்மோனியாவுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் கரி வளையம் உண்டு, சேம்பருக்குச் சற்று முன்னால், ஈயத்தோடு கலந்து. வேறொன்றும் உண்டு: ரிம்ஃபயர் பிரைமர் கலவையில் உராய்வுக்காகக் கண்ணாடித் தூள் சேர்ப்பார்கள். அது பேரலின் அடிப்பக்கம், கடிகாரத்தில் 6 மணி நிலையில் படியும். காய்ந்த பிரஷை அதன் மேல் முன்னும் பின்னும் ஓட்டினால் உப்புத்தாள் வேலை நடக்கும். எனவே முதலில் நனைந்த பேட்ச் அல்லது ஃபெல்ட் பெல்லெட் (கம்பளி உருளை), சேம்பரிலிருந்து வாய் நோக்கி ஒரே திசையில். கழுவி வந்த பிறகுதான் பிரஷ், அதுவும் சேம்பருக்கு முன்னாலுள்ள முதல் ஓரிரு அங்குலத்துக்கு நைலான்.

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் சால்வன்டே கூடாது. காய்ந்த ஃபெல்ட் போதும். ஸ்பிரிங் வகையில் எண்ணெய் அழுத்த அறைக்குப் போனால் டீசல் எஞ்சின் போலப் பற்றிக்கொள்ளும்.

மேசை மேலிருந்த 6.5-க்கு வருவோம். மொத்தம் மூன்று மணி நேரம். அதில் பாதிக்கு மேல் ஊறல். அதே லோடில் முதல் ஐந்து ரவுண்டு சிதறல், ஆறாவதிலிருந்து குழு ஒன்று சேர்ந்தது, வேகம் பழைய எண்ணுக்கு இறங்கியது, போல்ட் இரண்டு விரலில் எழுந்தது. கழுத்தைப் போர்ஸ்கோப்பில் அடுத்துப் பார்க்க வேண்டியது 120 ரவுண்டில்.